வந்தாச்சுக்காரரும் எட்டுக்கல்லும்

மனிதர்களில் வந்தாச்சுக்காரர் என்றொரு இனம் உண்டு. இந்த இனத்தைக் கண்ணால் காண்பது அரிது. காதால் கேட்பது சுலபம். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்திக்கு இலை விரிக்கும்போதும், ஆஸ்பத்திரியில் பார்க்கப்பட வேண்டியவர் குணமாகி வீட்டுக்குப் புறப்படும்போதும், பத்திரம் எழுதுகிற இடத்தில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றொரு சாட்சியைத் தேடி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கும்போதும், போனில் ஒரு குரல் கேட்கிறதல்லவா, "இந்தா வந்தாச்சு" என்று? அதுதான் அவர். குரலுக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற ஓசை கேட்டால் அவர் இன்னும் குளித்து முடிக்கவில்லை என்று பொருள். ஓசையே கேட்கவில்லையென்றால் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். சோம்பேறி வரவில்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வான். அவனுக்காக யாரும் இலை போட்டுக் காத்திருப்பதில்லை. பொய்யர் என்றும் சொல்ல முடியாது. பொய்யனுக்குத் தான் சொல்வது பொய்யென்று தெரியும். நம்மவருக்குத் தெரியாது. வரவேண்டும் என்று நினைத்த நொடியிலேயே அவர் மனம் புறப்பட்டு, போய்ச் சேர்ந்து, நலம் விசாரித்து, பாயசம் வரைக்கும் குடித்துவிடுகிறது. உடம்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சில்லறை வேலை மட்டும்தான் பாக்கி. அதற்காக வந்தாச்சு என்று சொல்லக்கூடாதா?

முன்பெல்லாம் அவருக்கு ஒத்தாசையாகத் தூரம் என்று ஒன்று இருந்தது. தக்கலையில் பிளாக்கு, குழித்துறைப் பாலத்தில் பிளாக்கு, பஸ் பஞ்சர், முன்னால் கோயில் யானை போகிறது, யானையை முந்த டிரைவருக்கு மனமில்லை. வீட்டு நாற்காலியில் இருந்தபடியே குழித்துறைப் பாலத்தில் முக்கால் மணிநேரம் மாட்டிக்கொள்ளும் வித்தை இந்த இனத்துக்கே உரியது. வாயால் ஹாரன் அடித்துக் காட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அப்புறம் எட்டுக்கல் வந்தது.

"ஒரு எட்டு போயிட்டு வாறேன்" என்று நாம் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மேலே யாரோ மெய்யென்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில், உலகம் முழுக்க ஊருக்கு ஒன்றாகக் கற்கள் முளைத்தன. அம்மியைவிடக் கொஞ்சம் பெரிதாக, தரையோடு தரையாக, பத்மநாபபுரம் அரண்மனைத் தளத்தைப் போல மினுமினுக்கும் கறுப்பு. எங்கள் கருங்கல்லில் சந்தைக்குப் பக்கத்தில், மரச்சீனிக் கிழங்கு விற்கிற இடத்தை ஒட்டி முளைத்தது. பேரிலேயே கல்லை வைத்திருக்கிற ஊருக்குக் கல் வந்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை.

அதன் மேல் ஏறி நின்று, ஊர்ப் பெயரைச் சொல்லி, "போறேன்" என்று சொல்லி ஒரு எட்டு எடுத்து வைத்தால், வைத்த கால் அந்த ஊர்க் கல்லில் இருக்கும். அங்கே "வந்தாச்சு" என்று சொன்னால் கால் கல்லைவிட்டுப் பெயரும். அவ்வளவுதான் வித்தை. பாஸ்போர்ட், விசா எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கல் கேட்கவில்லை. கல்லே கேட்காததைக் கேட்க மற்றவர்களுக்கும் கொஞ்ச நாளில் கூச்சமாகிவிட்டது.

ஆனால் முதல் வாரம் நம் மாவட்டத்திலிருந்து ஒருவரும் எங்கும் போகவில்லை. ஏன்? நம் ஊரில் யார் வாயில் "போறேன்" வரும்? திரும்பி வராமல் போகிறவர்கள் ஒரே வகையினர்தான்; அவர்களும் வாய்திறந்து சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆகவே எல்லோரும் கல்லில் ஏறி, கைகூப்பி, முறையாக, "நாகர்கோவில் போயிட்டு வாறேன்" என்றார்கள். கல் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. போக வைத்தது, வரவும் வைத்தது. கண்ணை மூடும்போது நாகர்கோவில், திறக்கும்போது கருங்கல். வாழைக்குலை வியாபாரி ஒருவர் செவ்வாழைக் குலையைத் தோளிலிருந்து இறக்காமலே பதினோரு முறை திருவனந்தபுரம் போய்வந்து, கடைசியில் தலைசுற்றி அதே குலையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு சர்ச்சு மூப்பர்களும் கோயில்காரர்களும் அய்யாவழிப் பதியிலிருந்து ஒருவருமாகக் கூடிப் பேசி, வீட்டில் "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவர் கல்லில் "போறேன்" என்பது அபசகுனம் ஆகாது என்று முடிவு சொன்ன பிறகுதான் ஊர் நகர்ந்தது.

அதிலிருந்து எல்லோரும் படித்த பாடம் ஒன்று. கல்லுக்கு நம் வழக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி நம்பிவிடும். அதனால்தான் கல்லின் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: "கல்லின் மேல் நின்று போன் பேசாதீர்." அதற்குக் கீழே இன்னொன்று: "வெற்றிலை துப்பாதீர்." இரண்டுக்கும் ஒரே மாதிரியான மரியாதைதான் கிடைத்து வருகிறது.

தூரம் செத்தது. சாக்கும் செத்தது. இனி வந்தாச்சுக்காரர் இனம் பூண்டோடு அழியும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்ததோ நேர்மாறு. பஸ் இருந்த காலத்தில் பஸ் போய்விடுமே என்கிற பயமாவது இருந்தது. கல் எங்கே போகும்? எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால், அந்த எப்போது என்பது இப்போதாக இருக்கவேண்டிய அவசியம் என்ன? "ஒரு எட்டுதானே" என்று ஒரு புதிய மந்திரம் கிடைத்தது. இனம் பெருகியது.

கருங்கல்லில் இந்த இனத்துக்குத் தலைவர் என்று யாரையாவது சொல்வதென்றால் ஞானதாஸ் சாரைத்தான் சொல்ல வேண்டும். அறுபத்தொரு வயது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் அ என்ற இடத்திலிருந்து புறப்படும் ரயில் ஆ என்ற இடத்தை எப்போது அடையும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காதைத் திருகிக் கேட்டவர். அந்த வகுப்புக்கு அவர் எப்போது வந்து சேர்ந்தார் என்று கேட்கும் உரிமை பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது.

அவர் மனைவி ராகேல் முப்பது வருடம் புடவை உடுத்து, புறப்பட ஒருங்கி, கைப்பையை மாட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற பெண். "ஒருங்கி நின்னு நின்னே எனக்க காலு தேஞ்சு போச்சு" என்பார். கல் வந்து மூன்று வருடத்தில் அவர் காலமானார். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் அவர் சாருக்காகக் காத்து நிற்கவில்லை. இதைச் சார் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் அடுக்களையிலிருந்து எதையாவது கேட்க வாயெடுப்பார், பேர் தொண்டை வரை வரும், திரும்பிப் போய்விடும். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போவது எவ்வளவு கஷ்டம் என்பது கூப்பிட்டுப் பழகியவருக்குத்தான் தெரியும்.

ஒரே மகள் ஜின்சி. மூன்று வருடத்துக்கு முன் கல்யாணமாகி, மாப்பிள்ளை எபினோடு மஸ்கட்டில் இருக்கிறாள். மஸ்கட் ஒரு எட்டு. மூன்று வருடத்தில் சார் எத்தனை முறை போயிருப்பார்? மாதத்துக்கு ஒன்றென்றாலும் முப்பத்தாறு. ஓணம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தனி. கணக்கு வாத்தியார் ஆனதால் விடையையும் சுருக்கமாகவே வைத்திருந்தார். பூஜ்ஜியம். அவர் வீட்டு நேந்திரங்காய் உப்பேரி அடுத்த வீட்டுக்காரர் கையில் ஆறு முறை மஸ்கட் போய்விட்டது. அவர் தோட்டத்துப் பலாச்சுளை போயிருக்கிறது. ஒருமுறை அவருடைய கண்ணாடிகூட, பொட்டலத்துக்குள் தவறி விழுந்து, போய்வந்திருக்கிறது.

ஜின்சிக்குப் பேறுகாலம் என்று போன் வந்த அன்று, வந்தாச்சு என்றார். பிள்ளை அவரைவிட முந்திக்கொண்டது. மறுநாள் கேஸ் சிலிண்டர் வருகிற நாள். அதற்கு மறுநாள் மழை. கல் நனைந்தால் வழுக்கும் என்றார். ஜின்சிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஒரு எட்டு வரக்கூடாதா என்று கேட்டால், அதற்கு வழியில்லை. கல்லில் ஏறுகிறவர் தன் வாயால் போறேன் என்று சொல்ல வேண்டுமே. கைப்பிள்ளை எப்படிச் சொல்லும்? பேச்சு வருகிற வரைக்கும் பிள்ளைகளைக் கல் கொண்டுபோவதில்லை. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுத் தாயும் வருவதில்லை.

இப்படியே பிள்ளைக்கு ஏழு மாதமாயிற்று. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். காலை ஒன்பது மணிக்கு ஆயர், "இந்தப் பிள்ளையின் பேர் என்ன?" என்று கேட்பார். பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவர் பேரைச் சொல்ல வேண்டும். அப்போது சொல்லுகிற பேர்தான் பேர். ராகேல் என்று வைக்க வேண்டும் என்பது சாருடைய ஆசை. எபினின் அம்மா செல்லபாய், அங்கே பிள்ளையோடு பிள்ளையாக ஏழு மாதமும் இருந்து கவனித்தவர், ஷெர்லின் ஏஞ்சல் என்று நினைத்து வைத்திருந்தார். ஜின்சி போனில் நிதானமாகச் சொன்னாள்:

"அப்பா, நீங்க வந்து பிள்ளையைக் கையில வாங்கி, உங்க வாயால சொன்னா அம்மைக்க பேரு. வரல்லன்னா அத்தை சொல்லுத பேரு. நான் இடையில ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சார் அன்றைக்கே காலண்டரில் அந்த வெள்ளிக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். இந்த ஒன்றுக்காவது போய்விட வேண்டும் என்று அவர் உள்ளபடியே தவித்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்துவிட்டார். அங்கேதான் ஆபத்து தொடங்கியது. வந்தாச்சுக்காரருக்கு நேரம் குறைவாக இருப்பதைவிட நேரம் நிறைய இருப்பதுதான் கெடுதல். போதாததற்கு மஸ்கட் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணிநேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே பத்தரை ஆனால்தான் அங்கே ஒன்பது. இந்த இனத்துக்கு மேற்குத் திசை நாடுகள் என்றால் உயிர். ஓசியில் கிடைத்த ஒன்றரை மணிநேரத்தை யாராவது வீணாக்காமல் விடுவார்களா?

எட்டு மணிக்குச் சட்டையைத் தேய்த்தார். தேய்த்த பிறகு ஒரு பொத்தான் நிறம் மாறியிருப்பது தெரிந்தது. வேறு சட்டையைத் தேய்த்தார். எட்டே முக்காலுக்கு ஜின்சி கூப்பிட்டுக் கிளம்பியாச்சா என்று கேட்டபோது, கிளம்பியாச்சு என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். ஒன்பதரைக்கு உப்பேரிக் கடை. ஆறிப்போன உப்பேரியைப் பேத்திக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. சட்டியிலிருந்து அடுத்த ஈடு எடுக்கும் வரை நின்று, சூடாக வாங்கினார். பல் முளைக்காத பிள்ளைக்கு உப்பேரி எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. விற்கிறவர் ஏன் கேட்க வேண்டும்?

பத்து மணிக்கு முருகதாஸின் சாயாக்கடை. அங்கிருந்து பார்த்தால் கல் தெரியும். கல்லைப் பார்த்துக்கொண்டே ஒரு சாயா குடிப்பது, கல்லில் நிற்பதற்கு ஏறக்குறையச் சமம்தானே? குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் ஒருவர் சும்மா இருக்காமல் ஒரு சந்தேகம் கேட்டார். கல்லில் போகிற நேரம் ஒன்றுமே இல்லை என்கிறார்களே, அப்படியென்றால் அதன் வேகம் என்ன?

முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த கேள்வி. சார் சாயாக் கிளாசைத் தள்ளிவைத்தார். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். நேரம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்கலாமா? கூடாது. ஏன் கூடாது? சிந்திய சாயாவை விரலால் இழுத்து மேசையில் கோடு போட்டு, மஸ்கட்டை ஒரு வடையாகவும் கருங்கல்லை இன்னொரு வடையாகவும் வைத்து அவர் விளக்கிய விளக்கத்தை, கடையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து கேட்டார்கள். நேரமே எடுக்காத பயணத்தைப் பற்றிப் பேச இருபது நிமிடம் எடுத்தது. இடையில் ஜின்சி கூப்பிட்டாள். கல்லுக்குப் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார். அதில் பெரிய தவறும் இல்லை.

பத்து இருபத்தேழுக்குக் கல்லில் ஏறினார். கல்லுக்கு டோக்கன் கிழிக்கிற ஷைஜா, பரவாயில்லை, சார் இன்றைக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாளாம். அங்கே ஒன்பதாக இன்னும் மூன்று நிமிடம். ஒரு எட்டுக்கு அது ஏராளம். சார் உப்பேரிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கி, வேட்டியைச் சரிசெய்து, "மஸ்கட் போறேன்" என்று சொல்ல மூச்சிழுத்தார். போன் அடித்தது.

வேறு யாராக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்கள். மூன்று நிமிடத்தில் நேரில் பார்க்கப் போகிற மகளிடம் போனில் பேச என்ன இருக்கிறது? ஆனால் எங்கே இருக்கிறாய் என்று ஒருவர் கேட்கும்போது வந்தாச்சு என்று சொல்லாமல் விட்டால் இந்த இனத்துக்கு மூச்சு முட்டும். சார் எடுத்தார்.

"எங்க நிக்கிய அப்பா?"

"இந்தா வந்தாச்சு மக்களே."

கல் கேட்டது. கல் நம்பியது. வந்தாச்சு என்று தன் வாயாலேயே சொன்னவரை இனி எங்கே கொண்டுபோவது?

சார் போனை அணைத்து, "மஸ்கட் போறேன்" என்று சொல்லிக் காலை எடுத்து வைத்தார். கால் மரச்சீனிக் குவியலில் இருந்தது. திரும்ப ஏறினார். உரக்கச் சொன்னார். மறுபடியும் மரச்சீனி. மூன்றாவது முறை கிழங்கு விற்கிற அம்மா குவியலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். பின்னால் வரிசை சேர்ந்தது. வரிசை சேர்ந்தால் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? இடது காலை முதலில் வைக்கச் சொன்னார் ஒருவர். செருப்பைக் கழற்றச் சொன்னார் இன்னொருவர். ஷைஜா மட்டும் பலகையைக் கையால் காட்டினாள்.

"சாரே, போர்டு வாசிக்கல்லியா? வந்தாச்சுன்னு சொல்லியாச்சுல்லா, கல்லுக்கு வேலை முடிஞ்சு போச்சு. யாருகிட்ட சொன்னியளோ அவியகிட்டயே வரல்லன்னு மாத்திச் சொல்லணும். பின்னதான் விடும்."

கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது பாருங்கள். வரல்ல. நான்கு எழுத்து. அறுபத்தொரு வருடத்தில் ஞானதாஸ் சார் வாயிலிருந்து ஒருமுறைகூட வெளிவராத நான்கு எழுத்து.

போனைப் போட்டார். "வந்துகிட்டே இருக்கேன்" என்றார். காலை வைத்தார். மரச்சீனி. பாதி வழி தாண்டியாச்சு என்றார். ஒரே ஒரு எட்டில் பாதி வழி எங்கே வரும் என்பது அவருக்கே தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்தான் வடை வைத்து விளக்கியிருந்தார். மரச்சீனி. "இங்க ஒரே பிளாக்கு மக்களே" என்றார். அதைக் கேட்டுச் சந்தையே சிரித்தது. சிரிப்பு போன் வழியாக மஸ்கட் வரைக்கும் போயிருக்க வேண்டும். ஜின்சியின் பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் பாடுகிற கீர்த்தனை கேட்டுக்கொண்டிருந்தது. நான்காவது சரணம் முடிந்தது. மணி பத்து முப்பத்தாறு. அங்கே ஒன்பது தாண்டி ஆறு நிமிடம்.

பாட்டு நின்றது; இனி ஆயர் பேர் கேட்பார். ஷெர்லின் ஏஞ்சல். நல்ல பேர்தான். ஆனால் அந்தப் பேரை எத்தனை முறை கூப்பிட்டாலும், கேட்டுக்குப் பக்கத்தில் ஒருங்கி நின்றவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். கக்கத்திலிருந்த உப்பேரிப் பொட்டலம் நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"ஜின்சி, நான் வரல்ல மக்களே," என்றார். "இன்னும் கருங்கல்லிலதான் நிக்கேன். சாயாக்கடையில இருந்துட்டேன். அப்பாவுக்கு வரணும். அம்மைக்க பேரைச் சொல்லணும்."

சந்தையில் சிரிப்பு நின்றது. கிழங்கு விற்கிற அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார். போனில் ஜின்சி, "சரி, வாங்கப்பா" என்றாள்.

"மஸ்கட் போறேன்," என்றார் சார். கால் வைத்த இடத்தில் மரச்சீனி இல்லை. வெயில் வேறு மாதிரி இருந்தது. கல்லோடு ஒட்டிய காலைப் பெயர்க்க அவர் வாய் திறந்து, அறுபத்தோராம் வயதில் முதல்முறையாக, வந்து சேர்ந்த பிறகு சொன்னார்: "வந்தாச்சு."

ஆராதனை நடக்கிற கூடம் இரண்டு தெரு தள்ளி. வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார். எல்லாம் முடிந்து கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் ஓடினார். உள்ளே நுழைந்தால், ஒருவர்கூட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆயர் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஜின்சி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறாள். மரச்சீனி, பிளாக்கு, சாயாக்கடை எல்லாம் சபையே கேட்டிருக்கிறது. ஆயர் புத்தகத்தைத் திறந்தபோது, செல்லபாய்தான் எழுந்து நின்று சொன்னாராம்:

"மூணு வருசமா வந்தாச்சு வந்தாச்சுன்னு சொன்ன மனுசன், இன்னைக்கு வரல்லன்னு சொல்லியாச்சு. அப்பம் கட்டாயம் வருவாரு. பத்து நிமிசம் பாப்போம் ஆயரே."

இதை எபின் வந்து அவர் காதில் சொன்னபோது சாரால் செல்லபாயை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வந்தாச்சு என்று சொன்ன நாளில் ராகேலைத் தவிர ஒருவரும் அவருக்காகக் காத்திருந்ததில்லை. வரவில்லை என்றதும் ஒரு கூடமே காத்திருந்தது. இந்தக் கணக்கு அவருக்குப் புரியச் சற்று நேரமானது.

பிள்ளையைக் கையில் வாங்கினார். பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தது. வியர்த்து வழிந்து, மூச்சு வாங்கி, மரச்சீனி மண் ஒட்டிய காலோடு நிற்கிற இந்த ஆள் யார்? வீறிட்டு அழுதது. இரண்டு கையையும் செல்லபாயை நோக்கி நீட்டி அழுதது. ஒரு எட்டுத் தூரத்தில் ஏழு மாதம் இருந்த தாத்தா. பிள்ளைக்கு ஆள் தெரியவில்லை. ஆயர் பேர் கேட்டார். சார் சொன்னார். அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. ஆயர் திரும்பவும் கேட்டார்.

"ராகேல்," என்றார் சார் உரக்க. நான்கு வருடமாகத் தொண்டையில் நின்ற பேர் கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. சொல்லிவிட்டு அவரும் பிள்ளையோடு சேர்ந்து அழுதார்.

அன்றோடு மனிதர் திருந்திவிட்டார் என்று எழுதி முடித்தால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். எனக்கும் வேலை குறையும். ஆனால் இனத்தின் குணம் என்று ஒன்று இருக்கிறதே. சாப்பாடு முடிந்து புறப்படும்போது, அடுத்த வெள்ளி வருவீர்களா என்று ஜின்சி கேட்டாள். ஒரு எட்டுதானே மக்களே, வராமல் என்ன, என்று சொன்னார். நான்கு வெள்ளிக்கு ஒரு வெள்ளி போகிறார். பூஜ்ஜியத்தைவிட அது பெரிய எண்தான். மற்ற மூன்று வெள்ளியும் சாயாக்கடையில் இருந்து, போன் வந்தால், வந்தாச்சு என்கிறார். ஒரே ஒரு முன்னேற்றம்: பலகையை இப்போது மதிக்கிறார். கல்லிலிருந்து பத்தடி தள்ளி நின்றுதான் பொய் சொல்கிறார்.

போன மாதம் குட்டி ராகேலுக்குப் பேச்சு வந்தது. இனி பிள்ளையையே கருங்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஜின்சிக்கு ஒரே சந்தோஷம். மஸ்கட் கல்லில் ஏற்றி, கையைப் பிடித்துக்கொண்டு, "போறேன் சொல்லு பிள்ளே" என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை ஒரு கையைக் காதோடு சேர்த்துப் போன் போலப் பிடித்து, தலையைச் சாய்த்து, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னது: "வந்தாச்சு." மறுபடி சொல்லிக் கொடுத்தாலும் அதேதான். கல் அசையவில்லை. ஜின்சி போனில் இதைச் சொன்னபோது சார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. முருகதாஸ் சொல்கிறார், சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கல்லைப் பார்த்து நடந்தாராம்.

சரி, இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிப்பு முடிந்ததென்றால் ஒன்று கேட்கிறேன். முதல் பத்தியை வாசித்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கு ஒரு போன் வந்ததல்லவா? எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். இதோ கிளம்பியாயிற்று என்று சொல்லிவிட்டு இரண்டாம் பத்திக்கு வந்தீர்கள். இதை முடித்துவிட்டுப் போகலாம், அங்கே என்ன, ஒரு எட்டுதானே என்று நினைத்தீர்கள். அங்கே யாரோ ஒருவர் உடுத்து ஒருங்கி, கைப்பையை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நிற்கிறார். மறுபடி போன் அடிக்கிறது பாருங்கள். எடுக்கும் முன், காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.